பஃபர் பிஎச் கணக்கு: மோலை எண்ணிவிட்டுச் சூத்திரத்துக்கு வாருங்கள்

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கமிருந்து வேதியியல் படித்துவிட்டு பெங்களூருக்கு வேலைக்கு வருகிற பிள்ளைகளில் நிறைய பேர் முதலில் போய் நிற்பது பொம்மசந்திராவிலோ ஜிகணியிலோ ஏதாவது ஒரு மருந்து கம்பெனியின் க்யூசி லேபில், அதாவது தரக் கட்டுப்பாட்டு லேபில்தான். சேர்ந்த சில நாளிலேயே சீனியர் வந்து, "பிஎச் 5.0, அசிடேட் பஃபர், 0.05 மோலார், ஒரு லிட்டர் மாடி இடு" என்று சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவார். மாடி இடு என்றால் போட்டு வை. பிஎச் என்பது கரைசலின் அமிலத்தன்மையைச் சொல்லும் எண், குறைந்தால் அமிலம், கூடினால் காரம். அந்த எண்ணை எளிதில் மாறவிடாத கரைசல்தான் பஃபர். மோல் என்பது பொருளை எண்ணும் அளவு, மோலார் என்றால் லிட்டருக்கு இத்தனை மோல். கன்னடம் ஒரு மாதத்தில் பழகிவிடும். ஆனால் அந்தப் பஃபர் கணக்கு, கல்லூரியில் மூன்று வருடம் பார்த்த கணக்குதான் என்றாலும், கையில் பீக்கரோடு நிற்கும்போது எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் திகைக்க வைக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தாபுரத்தில் என் வீட்டுக்கு இப்படிப்பட்ட பிள்ளைகள் நாலைந்து பேர் நோட்டோடு வருவார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். பல வருடமாகப் பார்த்ததில், பஃபர் கணக்கில் தப்பு விடுகிறவர்கள் யாரும் சூத்திரம் தெரியாமல் தப்பு விடுவதில்லை. சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம். அதில் போடவேண்டிய எண்ணை எண்ணாமல் போடுவதுதான் தப்பு. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வேன்: முதலில் மோல் கணக்கு, அப்புறம்தான் சூத்திரம்.

பஃபருக்குள் என்ன நடக்கிறது

பிளஸ் டூ புத்தகத்தில் இதற்குத் தாங்கல் கரைசல் என்று பேர். நல்ல பேர். அமிலம் விழுந்தாலும் காரம் விழுந்தாலும் தாங்கிக்கொள்ளும். வலிமை குறைந்த ஓர் அமிலமும், அதே அமிலத்தின் உப்பும் ஒரே கரைசலில் சேர்ந்திருந்தால் அது பஃபர். அசிட்டிக் அமிலமும் சோடியம் அசிடேட்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த ஜோடி, நாமும் அதையே வைத்துக்கொள்வோம்.

அசிட்டிக் அமிலத்தைத் தனியாகத் தண்ணீரில் 0.1 மோலார் அளவுக்குக் கரைத்தால் நூறு மூலக்கூறில் ஒன்றிரண்டுதான் பிரியும், சரியாகச் சொன்னால் 1.3 சதவீதம், அதன் பிஎச் 2.88. இப்போது அதே கரைசலில் 0.1 மோலார் வரும்படி சோடியம் அசிடேட்டையும் போட்டால், ஏற்கெனவே அசிடேட் நிறைந்து கிடப்பதால் அமிலம் பிரிவது இன்னும் அமுங்கிப்போய் 0.017 சதவீதத்துக்கு இறங்கிவிடும், அதாவது பத்தாயிரத்தில் இரண்டு கூட இல்லை. பொது அயனி விளைவு என்று படித்தோமே, அதுதான்.

இந்த ஓர் எண் நமக்குப் பெரிய வசதி. பிரிந்துபோன அமிலம் ஒரு பொருட்டே இல்லை என்பதால், நாம் எவ்வளவு அமிலம் போட்டோமோ அவ்வளவும் அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். உப்பும் போட்டது போட்டபடி. இருபடிச் சமன்பாடு எதுவும் தேவையில்லை.

சூத்திரம், அதை மறந்துபோனால் எப்படி மீட்பது

பிரிகை மாறிலி கேஏ என்பது ஹைட்ரஜன் அயனிச் செறிவை அசிடேட் செறிவால் பெருக்கி, பிரியாத அமிலச் செறிவால் வகுத்தது. அதைத் திருப்பிப் போட்டால்,

ஹைட்ரஜன் அயனி = கேஏ × (அமிலம் ÷ உப்பு)

1908-இல் லாரன்ஸ் ஹெண்டர்சன் இந்த வடிவத்தில்தான் எழுதினார், ரத்தம் எப்படித் தன் பிஎச்சைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த சமயத்தில். பிஎச் என்ற அளவே அடுத்த வருடம், 1909-இல்தான் வந்தது, கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் இருந்த சோரன்சென் கொண்டுவந்தார். பின்னால் ஹேசல்பாக் இரண்டு பக்கமும் லாக் எடுத்து, குறியை மாற்றி, இன்று நாம் எழுதுகிற வடிவத்துக்குக் கொண்டுவந்தார்:

பிஎச் = பிகேஏ + லாக் (உப்பு ÷ அமிலம்)

பிகேஏ என்பது கேஏவுக்கு லாக் எடுத்துக் குறியை மாற்றியது. அசிட்டிக் அமிலத்துக்குக் கேஏ 1.74 × 10⁻⁵, பிகேஏ 4.76, இது 25 டிகிரி செல்சியஸில். சில புத்தகங்களில் கேஏ 1.8 × 10⁻⁵ என்று போட்டு 4.74 என்று எடுத்திருப்பார்கள். இரண்டில் எதை எடுத்தாலும் பரவாயில்லை, ஆனால் கணக்கின் பாதியில் மாற்றக்கூடாது.

மேலே உப்பா, அமிலமா என்று பரீட்சையில் மட்டுமில்லை, லேபிலும் குழப்பம் வரும். மனப்பாடத்தை நம்பாதீர்கள், யோசித்தாலே போதும். உப்பு கூடினால் காரத்தன்மை கூடும், பிஎச் ஏற வேண்டும், லாக் ஏற வேண்டுமானால் உப்பு மேலேதான் இருக்க வேண்டும்.

லாக் பார்க்க ஒவ்வொரு முறையும் கால்குலேட்டரைத் தேடாமல் இருக்க நாலு எண் மனதில் இருந்தால் போதும். 1-க்குப் பூஜ்யம், 2-க்கு 0.30, 3-க்கு 0.48, 10-க்கு 1. மற்றதெல்லாம் இதிலிருந்தே வரும். 5 என்பது 10-இல் பாதி, அதனால் 1-இலிருந்து 0.30 போக 0.70. 6 என்பது 2-உம் 3-உம், அதனால் 0.78. விகிதம் தலைகீழானால் குறி மட்டும் மாறும், அரைக்கு மைனஸ் 0.30. நேர்முகத் தேர்வில் "உப்பு அமிலத்தைப் போல இரண்டு மடங்கு, பிஎச் என்ன?" என்று கேட்டால் 5.06 என்று உடனே சொல்லிவிடலாம்.

இன்னொரு விஷயம். இது விகிதம். உப்பும் அமிலமும் ஒரே பாத்திரத்தில், ஒரே கனஅளவில் இருக்கின்றன, அதனால் இரண்டு செறிவையும் வகுக்கும்போது கனஅளவு அடிபட்டுப் போகும். செறிவுக்குப் பதிலாக மோலையே, இன்னும் வசதியாக மில்லிமோலையே போடலாம். மோலாரிட்டியை மி.லி.யால் பெருக்கினால் நேராக மில்லிமோல் வந்துவிடும். கலந்த பிறகு மொத்தக் கனஅளவு எவ்வளவு, புதுச் செறிவு எவ்வளவு என்று தனியாகக் கணக்குப் போட்டு அதிலேயே தப்பு விடுகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது இதை யாரும் முதலிலேயே சொல்லித்தரவில்லையே என்று இருக்கும்.

மூன்று வரிக் கணக்கு

இனி முக்கியமான இடம். அமிலத்தையும் உப்பையும் நேராகக் கலக்கிற கணக்கு எளிது, அதில் யாரும் தடுமாறுவதில்லை. 0.1 மோலார் அசிட்டிக் அமிலம் 50 மி.லி, 0.1 மோலார் சோடியம் அசிடேட் 150 மி.லி என்றால் 5 மில்லிமோலும் 15 மில்லிமோலும், விகிதம் 3, பிஎச் 4.76 + 0.48 = 5.24. முடிந்தது.

தடுமாற்றம் எங்கே வருகிறது என்றால், உப்பைப் போடாமல் அமிலத்தில் சோடியம் ஹைட்ராக்சைடை ஊற்றிப் பஃபர் செய்யும்போதுதான். 0.1 மோலார் அசிட்டிக் அமிலம் 100 மி.லி எடுத்து, அதில் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 60 மி.லி ஊற்றுகிறோம். பிஎச் என்ன?

அவசரப்படுகிற பிள்ளை 10 மில்லிமோல் அமிலம், 6 மில்லிமோல் காரம் என்று பார்த்ததும் 6-ஐ மேலே போட்டு 10-ஐக் கீழே போட்டு, லாக் 0.6 என்பது மைனஸ் 0.22, ஆகவே 4.54 என்று எழுதிவிடும். தப்பு. ஏனென்றால் சோடியம் ஹைட்ராக்சைடு பாத்திரத்தில் விழுந்ததுமே சும்மா உட்கார்ந்திருக்காது. அது வலிமையான காரம், எதிரில் இருக்கிற அமிலத்தைப் பிடித்து ஒன்றுக்கு ஒன்று என்று அசிடேட்டாக மாற்றிவிட்டுத்தான் ஓயும். சூத்திரம் கேட்பது அந்த மாற்றம் முழுக்க முடிந்த பிறகு மிஞ்சியிருக்கிற கணக்கை. அதனால் நோட்டில் எப்போதும் மூன்று வரி எழுதுங்கள், எண்கள் மில்லிமோலில்:

ஆரம்பம்: அமிலம் 10, காரம் 6, அசிடேட் 0
மாற்றம்: அமிலம் −6, காரம் −6, அசிடேட் +6
முடிவு: அமிலம் 4, காரம் 0, அசிடேட் 6

கடைசி வரியை மட்டும் எடுத்துச் சூத்திரத்துக்குள் போங்கள். 6 ÷ 4 = 1.5, அதன் லாக் 0.18, பிஎச் 4.94. அவசரத்தில் வந்த 4.54-க்கும் இதற்கும் 0.40 வித்தியாசம், கலவையைப் பிரித்து ஒவ்வொரு பொருளையும் ஒரு பீக்காக, அதாவது முகடாக, வரைந்து காட்டும் எச்பிஎல்சி கருவியில் ஒரு பீக்கை இடம் மாற்றிவிடக்கூடிய வித்தியாசம்.

முடிவு வரியைப் பார்த்ததும் சூத்திரம் செல்லுமா என்றும் தெரிந்துவிடும். அமிலமும் உப்பும் இரண்டும் மிஞ்சியிருந்தால்தான் அது பஃபர். மேலே உள்ள கணக்கில் 60-க்குப் பதில் 100 மி.லி ஊற்றியிருந்தால் அமிலம் பூஜ்யம் ஆகிவிடும். வெறும் சோடியம் அசிடேட் கரைசல், 0.05 மோலார், பிஎச் 8.73. அங்கே ஹெண்டர்சன் சமன்பாட்டுக்கு வேலையே இல்லை, பூஜ்யத்தால் வகுக்கவா முடியும், நீராற்பகுப்புக் கணக்குதான் போட வேண்டும். 120 மி.லி ஊற்றியிருந்தால் காரமே மிஞ்சும், அப்போது அந்த மிஞ்சிய காரத்தை வைத்தே பிஎச். ஆகவே கணக்கு எந்த வகை என்பதைக் கேள்வியின் வாசகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், முடிவு வரியைப் பாருங்கள்.

தாங்குகிறதா என்று பார்ப்போம்

ஒரு லிட்டர் பஃபரில் அமிலம் 0.1 மோல், அசிடேட் 0.1 மோல். விகிதம் ஒன்று, பிஎச் 4.76. இதில் 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மி.லி, அதாவது 0.01 மோல் ஊற்றுகிறோம். இப்போது அடிவாங்குவது உப்பு. அசிடேட் 0.1-லிருந்து 0.09-க்கு இறங்கும், அமிலம் 0.1-லிருந்து 0.11-க்கு ஏறும். 0.09 ÷ 0.11 = 0.818, லாக் மைனஸ் 0.09, பிஎச் 4.67. அதே 10 மி.லி.யைச் சுத்தமான ஒரு லிட்டர் தண்ணீரில் ஊற்றியிருந்தால் பிஎச் 7-லிருந்து 2-க்கு விழுந்திருக்கும். ஒரு பக்கம் 5 அலகு, இன்னொரு பக்கம் 0.09. முதல் தடவை இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது, தாங்கல் என்ற சொல்லுக்கு அன்றைக்குத்தான் பொருள் புரிந்தது.

இப்போது அதே பஃபரைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்யுங்கள். லிட்டருக்கு அமிலம் 0.01, அசிடேட் 0.01. விகிதம் மாறவில்லை, ஆகவே பிஎச் இப்போதும் 4.76-தான், மீட்டரில் கொஞ்சம் கூடக் குறையக் காட்டலாம். ஆனால் இதில் அதே 0.01 மோல் அமிலத்தை ஊற்றினால்? இருந்த அசிடேட் முழுக்கத் தீர்ந்துபோகும். மிஞ்சுவது 0.02 மோலார் அசிட்டிக் அமிலம் மட்டும், பிஎச் 3.23. பிஎச்சை முடிவு செய்வது விகிதம், எவ்வளவு அடி தாங்கும் என்பதை முடிவு செய்வது மொத்த அளவு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் "பிஎச் சரியாகத்தானே இருந்தது, சாம்பிள் போட்டதும் ஏன் இறங்கிவிட்டது" என்ற கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

விகிதம் பத்துக்கு ஒன்று என்பதைத் தாண்டினாலும் தாங்கும் சக்தி மெலிந்துவிடும். அதனால்தான் பிகேஏவுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, அதற்குள் வேலை பார்க்கச் சொல்கிறார்கள். அசிடேட் என்றால் ஏறக்குறைய 3.8 முதல் 5.8 வரை. பிஎச் 3.5 வேண்டுமா, பார்மிக் அமிலத்துக்குப் போங்கள், பிகேஏ 3.75. பிஎச் 7 வேண்டுமா, பாஸ்பேட்டின் இரண்டாவது பிகேஏ 7.20. அசிடேட்டை வைத்துக்கொண்டு 7 கொண்டுவருகிறேன் என்று சோடியம் ஹைட்ராக்சைடை ஊற்றிக்கொண்டே இருந்தால் மீட்டர் 7 காட்டும், ஆனால் அது பஃபர் இல்லை, அடுத்து ஒரு சொட்டு விழுந்தால் எகிறிவிடும்.

இந்தப் பத்துக்கு ஒன்று விதிக்கு வெளியே இருந்துகொண்டே அருமையாக வேலை செய்கிற பஃபர் ஒன்று நம் எல்லோர் உடம்பிலும் ஓடுகிறது. ரத்தத்தில் பைகார்பனேட் லிட்டருக்கு 24 மில்லிமோல், கரைந்த கார்பன் டை ஆக்சைடு 1.2 மில்லிமோல், விகிதம் 20, லாக் 1.30, பிகேஏ 6.1, கூட்டினால் 7.4. விகிதம் இருபது ஆனாலும் சமாளிக்க முடிகிறது என்றால், கூடுகிற கார்பன் டை ஆக்சைடை நுரையீரல் மூச்சுக்கு மூச்சு வெளியே தள்ளிவிடுகிறது. நம் பீக்கருக்கு நுரையீரல் இல்லை, நாம் விதிக்குள்ளேயே இருப்போம்.

சீனியர் கேட்ட அந்த ஒரு லிட்டர்

சரி, ஆரம்பத்தில் சொன்ன வேலைக்கு வருவோம். பிஎச் 5.0, மொத்தம் 0.05 மோலார், ஒரு லிட்டர். இது தலைகீழ்க் கணக்கு, பிஎச் தெரியும், அளவு தெரியாது.

5.00-லிருந்து 4.76-ஐக் கழித்தால் 0.24. பத்தின் அடுக்கு 0.24 என்று கால்குலேட்டரில் போட்டால் 1.74. அமிலம் ஒரு பங்கு என்றால் உப்பு 1.74 பங்கு, மொத்தம் 2.74 பங்கு. மொத்தம் 0.05 மோல் என்பதால் அமிலம் 0.05 ÷ 2.74 = 0.0182 மோல், மீதி 0.0318 மோல் உப்பு. பங்கு பிரித்துப் பார்ப்பது, அவ்வளவுதான். எடுத்ததும் விகிதத்தையே மோலாக எழுதிவிடுகிற பழக்கம் மட்டும் வேண்டாம், மொத்தம் 0.05-க்குள் இரண்டும் அடங்க வேண்டும்.

இனி மோலைக் கிராமாக்க வேண்டும். அசிட்டிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 60.05, ஆகவே 1.09 கிராம். கிளேசியல், அதாவது தண்ணீர் கலக்காத அசிட்டிக் அமிலப் பாட்டிலிலிருந்து எடுப்பதானால் அடர்த்தி 1.05, ஏறக்குறைய 1.04 மி.லி. ஜனவரிக் குளிரில் ஸ்டோர் ரூமில் அந்தப் பாட்டில் உறைந்து கிடந்தால் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள், 16.6 டிகிரியிலேயே அது உறையும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்து முழுக்க உருகியதும் ஃப்யூம் ஹூடுக்குள் வைத்து, கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள். தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும், வினிகர்தானே என்ற நினைப்பு வேண்டாம்.

உப்பில்தான் நான் அடிபட்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் இதே பஃபருக்கு சோடியம் அசிடேட் எடை 82.03 என்று போட்டு 2.60 கிராம் என்று கணக்கெடுத்துவிட்டு, அலமாரியில் இருந்த பாட்டிலைத் திறந்து நிறுத்துப் போட்டேன். 82.03 என்பது நீரற்ற சோடியம் அசிடேட்டின் எடை. நான் திறந்த பாட்டிலில் இருந்ததோ மூன்று நீர் மூலக்கூறோடு படிகமானது, அதன் எடை 136.08, எடுத்திருக்க வேண்டியது 4.32 கிராம். பார்க்க இரண்டுமே வெள்ளைத் தூள். மீட்டரில் வைத்தால் 4.78 காட்டியது. அப்போதாவது நின்று யோசித்திருக்க வேண்டும். நான் சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுச் சொட்டாகவிட ஆரம்பித்தேன், 1 மோலார் கரைசல் நாலரை மி.லி.க்கு மேல் போன பிறகுதான் 5.00 வந்தது. வந்துவிட்டதே என்று லேபிள் ஒட்டிக் கொடுத்துவிட்டேன். அன்று எச்பிஎல்சியில் பீக் வழக்கமான நேரத்துக்கு வரவில்லை. காலம் (column) என்கிற பிரிப்புக் குழாயை மாற்றிப் பார்த்தார்கள், பம்ப் பார்த்தார்கள், பாதி நாள் போனது. சாயங்காலம் என் நோட்டை வாங்கிப் பார்த்த சீனியர் அக்கா, அந்த நாலரை மி.லி.யில் விரலை வைத்து, "சரியாகப் போட்ட பஃபர் இவ்வளவு காரம் கேட்காதே" என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னதில் எல்லாம் இருக்கிறது. உப்பு 0.0318 மோல் போட வேண்டிய இடத்தில் 0.0191-தான் போட்டிருந்தேன். மொத்தச் செறிவு 0.05-க்குப் பதில் 0.037. பிஎச்சைக் காரம் விட்டு நேர்செய்துவிடலாம், போகாத மோலை அப்படிக் கொண்டுவர முடியாது. அதனால் இன்று நான் யாருக்குச் சொன்னாலும் இதைச் சேர்த்தே சொல்வேன்: பாட்டில் லேபிளில் இருக்கிற மூலக்கூறு எடையைப் பார்த்து, அதையே நோட்டில் எழுதிவிட்டு, அப்புறம் கிராம் கணக்குப் போடுங்கள். மீட்டர் கணக்கிலிருந்து 0.1-க்கு மேல் தள்ளிக் காட்டினால் சோடியம் ஹைட்ராக்சைடு பாட்டிலுக்குக் கை போகக்கூடாது, நோட்டுக்குப் போக வேண்டும்.

கரைப்பதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 800 மி.லி சுத்திகரித்த தண்ணீரில் உப்பைப் போட்டு, அமிலத்தை விட்டு, மேக்னடிக் ஸ்டிரரில் நன்றாகக் கலக்கி, பிஎச் பார்த்து, தேவைப்பட்டால் ஒன்றிரண்டு சொட்டில் நேர்செய்து, கடைசியில் வால்யூமெட்ரிக் பிளாஸ்கில் ஒரு லிட்டருக்குக் கொண்டுவாருங்கள். முதலிலேயே ஒரு லிட்டரை நிரப்பிவிட்டால் நேர்செய்ய இடமிருக்காது. குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். பெங்களூரில் காவிரியானாலும் போர்வெல்லானாலும் அதில் பைகார்பனேட் உண்டு, அதுவே ஒரு பஃபர்ப் பொருள், உங்கள் கணக்குக்குள் சொல்லாமல் கொள்ளாமல் புகுந்துவிடும்.

கணக்கும் மீட்டரும் ஒத்துப்போகாதபோது

முதலில் மீட்டரையே சந்தேகப்படுங்கள். 5.0 அளக்கப் போகிறீர்கள் என்றால் 4.01, 7.00 என்ற இரண்டு கரைசல்களை வைத்து அன்றைக்கே கேலிபரேட் செய்திருக்க வேண்டும், நாம் அளக்கிற எண் அந்த இரண்டுக்கும் நடுவில் விழ வேண்டும். எலெக்ட்ரோடு காய்ந்துபோயிருந்தால் எண் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது சோடியம் ஹைட்ராக்சைடு. காற்றில் இருக்கிற ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும் பொருள் அது. நாலு கிராம் நிறுத்து ஒரு லிட்டரில் கரைத்தால் 0.1 மோலார் என்று காகிதத்தில் சொல்லலாம், மழைக்காலத்தில் திறந்து திறந்து மூடிய பாட்டிலில் அது உண்மையாக இருக்காது. டைட்ரேட் செய்து பார்த்த செறிவைத்தான் மூன்று வரிக் கணக்கில் போட வேண்டும்.

இவை இரண்டும் சரியாக இருந்தும் சிறு வித்தியாசம் இருந்தால் அது உங்கள் தப்பு இல்லை. சூத்திரத்தில் நாம் போடுவது செறிவு, மீட்டர் உணர்வது அயனிகளின் செயலூக்கத்தை, அதாவது அவை உண்மையில் எவ்வளவு செயல்படுகின்றன என்பதை. உப்பு கூடக் கூட இரண்டுக்கும் இடைவெளி கூடும். அசிடேட்டில் இது சின்ன விஷயம், பாஸ்பேட்டில் பெரிசு. பாஸ்பேட்டுக்குப் புத்தகத்தில் 7.20 என்று இருக்கிற பிகேஏ, வழக்கமாக நாம் போடுகிற செறிவுகளில் 6.8 பக்கத்துக்கு இறங்கிவிடும். பாஸ்பேட்டில் கணக்குக்கும் மீட்டருக்கும் 0.3, 0.4 வித்தியாசம் வந்து பதறிப்போய் என்னிடம் கேட்டவர்கள் நிறைய பேர், கணக்கு சரியாகத்தான் இருந்தது.

வெப்பநிலையையும் மறக்கக்கூடாது. அசிடேட் இதில் ரொம்ப நல்ல பிள்ளை, பத்து டிகிரி மாறினாலும் பெரிதாக அசையாது. டிரிஸ் அப்படியில்லை. டிரிஸ் ஒரு காரம், அதன் இணை அமிலத்தின் பிகேஏ 25 டிகிரியில் 8.06, ஒவ்வொரு டிகிரி குளிரும்போதும் 0.028 ஏறும். 25 டிகிரியில் 8.0 என்று போட்டுவிட்டு 4 டிகிரி ஃபிரிட்ஜில் வைத்து அங்கேயே பயன்படுத்தினால் 8.6 ஆகியிருக்கும். பயோடெக் கம்பெனிக்குப் போகிற பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எச்பிஎல்சிக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிஎச்சைத் தண்ணீரில் இருக்கும்போதே நேர்செய்துவிடுங்கள், அசிட்டோநைட்ரைலோ மெத்தனாலோ கலந்த பிறகு மீட்டர் காட்டுகிற எண்ணைத் தண்ணீரில் காட்டும் எண்ணோடு ஒப்பிட முடியாது. அப்புறம் 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டுங்கள்.

சூத்திரமே கைவிடுகிற இடங்களும் உண்டு. 0.0001 மோலார் என்கிற மாதிரி ரொம்ப நீர்த்த பஃபரிலும், பிகேஏ 2 பக்கம் இருக்கிற கொஞ்சம் வலிமையான அமிலங்களிலும், பிரிந்துபோன அமிலம் பொருட்டே இல்லை என்ற நம் ஆரம்ப அனுமானம் உடைந்துவிடும். அங்கே இருபடிச் சமன்பாட்டைப் போட்டுத்தான் ஆக வேண்டும். மருந்து லேபில் அன்றாடம் வருகிற அசிடேட் பஃபர்களில் அந்த நிலைமை வராது.

இப்போது நோட்டை எடுங்கள். 0.2 மோலார் அசிட்டிக் அமிலம் 50 மி.லி, 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 30 மி.லி. கலந்தால் பிஎச் என்ன? 4.39 வந்தால் சரி. 4.24 வந்திருந்தால் 3-ஐ 10-ஆல் வகுத்திருக்கிறீர்கள், அமிலத்தில் மூன்று மில்லிமோல் தீர்ந்துபோனதை விட்டுவிட்டீர்கள். ஆரம்பம், மாற்றம், முடிவு என்று மூன்று வரி எழுதி, இன்னொரு முறை போடுங்கள்.